மணிச்சத்தம் கேட்கும் தூரம்

உங்கள் காவல் நிலையத்தில் எல்லாரும் பூட்ஸோடு உள்ளே நடக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, கீழே வழக்கம் அப்படி. என் குடிலில் மந்திரியே வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருக்கும் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஈரம் பட்டால் மரத்தரை கெட்டுப்போகும்.

கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் யெர்னெய். மலையேற்றச் சங்கத்துக்காக அந்தக் குடிலைப் பார்த்துக்கொள்கிறேன். பனி உருகியதும் மேலே போனால் இலையுதிர்காலக் கடைசியில்தான் இறங்குவேன். முன்பெல்லாம் ஏரிக் குடிலிலிருந்து கணவாய்க் குடிலுக்கு நடப்பவர்கள் என்னிடம் ஓர் இரவு தங்காமல் போக முடியாது. பிறகு சங்கத்துக்காரர்கள் முகட்டோரமாக நேர்ப்பாதை ஒன்று வெட்டினார்கள். ஒரே நாளில் போய்விடலாம். அப்புறம் யாருக்கு வேண்டும் என் பார்லி சூப்?

சாயங்காலம் எல்லாச் செருப்புகளையும் அடுப்பருகே வரிசையாக வைத்துச் சூடாக்குவேன். கால் நுழைக்க ஆளிருக்காது. ஆறியதும் எடுத்து அலமாரியில் வைப்பேன். வானொலியில் பேசுகிறவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் இது சரியில்லை என்று எனக்கே பட்டது.

அந்தக் கோடையில் மூடுபனியில் வழி தவறி ஒரு தம்பதி வந்தார்கள். மூட்டம் இறங்கினால் குடில்காரன் மணி அடிக்கவேண்டும். வழி தெரியாதவர்கள் சத்தத்தை நோக்கி நடப்பார்கள். எங்கள் மலையில் குழந்தைக்குக்கூட அது தெரியும். அந்தப் பெண் உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஆள் என் நெற்றியில் முத்தமிட்டான். மூன்று நாள் தங்கினார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

இரண்டு பாதையும் பிரியும் இடம் வெறும் சரளைச் சரிவு. வழிக்குறி தீட்டப் பாறை கிடையாது. அதனால் ஒரு கல்லில் வெள்ளைப் புள்ளியும் சுற்றிச் சிவப்பு வளையமும் தீட்டி, நேர்ப்பாதை தொடங்கும் வலப்பக்கம் வைத்திருந்தார்கள். ஓர் ஆள் தூக்கக்கூடிய கல். அந்தத் தம்பதி போனதிலிருந்து, மூட்டம் வரும் நாளில் காலையிலேயே போய் அதைத் தூக்கி இடப்பக்கம், என் பாதையில் வைப்பேன். பழைய பாதையில் போகப்போகக் குறிகளெல்லாம் அழிந்துவிட்டன. கொஞ்ச தூரத்தில் ஆட்கள் தடுமாறுவார்கள். அப்போது மணி கேட்கும். மூட்டம் கலைந்ததும் கல்லைப் பழையபடி வைத்துவிடுவேன். யாருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

நேஷாவும் அப்படி வந்தவள்தான். லுப்லியானாவில் பஸ் ஓட்டுகிறவள், தனியாக நடப்பவள். முதலில் அழுதாள். செருப்பை மாட்டியதும் வாய் திறந்துவிட்டது. மரங்கள் முடியும் எல்லையைத் தாண்டிவிட்டால் நாங்கள் யாரையும் ‘நீங்க’ போட்டுப் பேசுவதில்லை.

“ஏய் யெர்னெய், இந்தச் செருப்பைத் துவைக்கவே மாட்டியா? என்னா நாத்தம்டா சாமி.”

“துவைச்சதுதான்.”

“எப்போ, முதல் உலகப்போர்லயா? அடுத்த தடவை என் செருப்பை நானே கொண்டாந்துடறேன்.”

நான்கு நாள் இருந்தாள். பாத்திரம் கழுவினாள், என் தாடியைக் கிண்டல் செய்தாள், சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றினாள். வெயில் வந்த காலையில் பாதை பிரியுமிடம் வரை கூட நடந்து அனுப்பிவைத்தேன். வலப்பக்கத்தில் கல் இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

“அன்னைக்கும் இந்தக் கல்லைப் பாத்துதானே போனேன். அப்புறம் எப்படி உன்கிட்ட வந்தேன்?”

“மூட்டத்துல கண்ணு என்ன வேணா சொல்லும். கல்லு இருக்கிற பக்கம் கணவாய்க் குடில். கல்லு இல்லாத பக்கம் நான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.”

“கல்லு இல்லாத பக்கம் நீ. சரி, மறக்க மாட்டேன்.”

மறக்கவில்லை. செப்டம்பரில் ஒரு மூட்ட நாளில் சொல்லாமல் வந்தாள். அன்று காலை நான் வழக்கம்போல் கல்லை இடப்பக்கம் மாற்றியிருந்தேன். சொன்ன சொல்லை நம்பி அவள் கல் இல்லாத வலப்பக்கம் ஏறியிருக்கிறாள். நான் மணி அடித்துக்கொண்டிருந்தேன். முகட்டுப் பக்கமிருந்து என் பெயர் கேட்டது. வழி தவறி வருபவர்களுக்கு என் பெயர் தெரியாது.

“யெர்னெய்! நான் எங்கடா இருக்கேன்?”

முகட்டுக்கும் குடிலுக்கும் நடுவே பாறை பிளந்து ஆழமாக இறங்குகிறது. அதை மறந்துவிட்டாயா என்று நேற்றுக் கேட்டீர்கள். மறக்கவில்லை. ‘அங்கேயே நில்லு’ என்று கத்தியிருக்கலாம். கயிறு ஆணியில்தான் தொங்கியது, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நான் இத்தனை நாளில் பார்த்து வைத்திருக்கிறேன். பயப்படாமல் வருகிறவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் பயந்தவர்கள் ஓர் இரவு தங்குவார்கள். நன்றாகப் பயந்து வந்தவர்கள்தான் நாள்கணக்கில் இருப்பார்கள். அவள் இலையுதிர்காலம் முழுக்க என்னோடு இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. கெட்டிக்காரி, பிளவைச் சுற்றி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மணியை இன்னும் பலமாக அடித்தேன். குரல் நெருங்கி வந்தது. சத்தத்தை நோக்கி நேராக வந்தாள், எல்லாரும் வருவதுபோல.

பிறகு கூப்பிடவில்லை. வந்துகொண்டிருக்கிறாள் என்று சூப்பில் புகைபோட்ட இறைச்சியைக் கூடுதலாக அரிந்து போட்டேன்.

மறுநாள் மீட்புக் குழுவினர் பிளவிலிருந்து அவள் உடலைத் தூக்கினார்கள். மூட்டம் விடாததால் அன்று என் குடிலிலேயே தங்கினார்கள். பெஞ்சு நிறைய ஆட்கள், அலமாரியில் ஒரு செருப்பு மிச்சமில்லை. குழுத் தலைவர் மாட்டேவ்ஜ் என் தோளைத் தட்டினார்.

“விடாம மணி அடிச்சிருக்கே யெர்னெய். உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. மனசைப் போட்டு வருத்திக்காதே.”

“இன்னும் கொஞ்சம் சூப் ஊத்திக்கோ” என்றேன். நல்ல மனிதர். அடுத்த வாரம் அவளுக்கு மெழுகுவத்தி ஏற்ற அவர்தான் மேலே வந்தார். மூட்டமான காலை. கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் இடப்பக்கம் போனதைப் பார்த்துவிட்டார்.

ஆமாம், அவள் போன பிறகும் மாற்றினேன். குடில் மறுபடி காலியாகிவிட்டதே.

அவள் பையில் கிடந்ததை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். சிவப்புக் கம்பளிச் செருப்பு, புதுசு. ஓர் இரவு தங்குகிறவர்கள் யாரும் சொந்தச் செருப்பு சுமந்துகொண்டு மலை ஏறமாட்டார்கள். அவள் தங்கத்தான் வந்திருக்கிறாள். பயமுறுத்த வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இதை மட்டும் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

சன்னலைப் பாருங்கள், முகடு தெரியவில்லை. மேலே மூட்டம் இறங்கிவிட்டது, மணி அடிக்க ஆளில்லை. என்னை இங்கே பிடித்து உட்காரவைத்திருக்கிறீர்கள். யாராவது வழி தவறி விழுந்தால் அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.