தண்ணி வராத இடம்

— குழி எவ்வளவு அகலம்? இன்னொரு தடவை சொல்லுங்க மச்சான்.

— என் ஆழ்துளைக் கிணறு போடுற லாரி செங்குத்தா உள்ள இறங்கும் மாப்ள. ஓரத்துல நின்னு ஒரு கல்லைப் போட்டேன். காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், சத்தமே வரலை. இத்தனை வருஷமா பூமியைத் தோண்டுறேன். அன்னைக்குத்தான் ரெண்டு அடி பின்னால நகர்ந்து நின்னேன்.

— அண்ணே, அதுக்குள்ளயா அணுகுண்டை வெடிக்கப் போறாங்க?

— ஒரே ஒரு தடவை, சோதனைக்கு. வெளிய பொட்டு நெருப்புத் தெரியாதாம். உள்ள பாறை உருகி ஓடுமாம். எதிர்ல நிக்கிற மலை, மூச்சு இழுத்த மாதிரி ஒருதரம் எழும்பி உக்காருமாம். அதைச் சொன்ன விஞ்ஞானி அம்மா, தூங்குற குழந்தை பக்கத்துல பேசுற மாதிரி குரலைத் தாழ்த்திட்டாங்க.

— யப்பா! உடம்பு சிலிர்க்குது மச்சான். நம்மகிட்டயும் அது இருந்தா பக்கத்து நாட்டுக்காரன் வாலாட்டுவானா?

— ஏங்க, ரெண்டு வீட்டுக் கூரையிலயும் கொள்ளிக்கட்டையைச் செருகி வச்சா யாருக்குத் தூக்கம் வரும்?

— போன தடவை அவன் குண்டைக் காட்டி மிரட்டினப்போ மூணு ஊரை விட்டுக்கொடுத்தோம். அதுல ஒண்ணு நீ பொறந்த ஊரு. மறந்துட்டியா?

— எப்படிங்க மறப்பேன்?

— நானும் மறக்கலம்மா. அதான் இந்த வேலைக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா நேத்து எல்லாம் போச்சு. குழியில தண்ணி பீறிட்டு வந்துருச்சு.

— தண்ணி வந்தா நல்லதுதானே அண்ணே?

— மத்த இடத்துல என்னைக் கட்டிப்பிடிப்பாங்க. இங்க தலையில கை வச்சுட்டாங்க. சொட்டு ஈரம் ஆகாதாம். மூடச் சொல்லிட்டாங்க.

— தண்ணி வேணாம்னா உங்களை விட்டா ஆளு ஏது மச்சான்! எங்க கொல்லையில தண்ணிக்குத் துளை போட்டீங்களே, ஆயிரம் அடி, வெறும் புழுதி!

— அதை ஊர் பூரா சொல்லிச் சிரிக்கிறீங்க, தெரியும்.

— பொய்யா? ஈரக்காத்துகூட வரலியே!

— பொய் இல்ல மாப்ள. என் கையால போட்டதுல காஞ்சு போன துளை அது ஒண்ணுதான். தண்ணியே இல்லாத பாறை எங்க இருக்குன்னு நாளைக்குக் காலையில வந்து சொல்லச் சொல்லியிருக்காங்க. சொல்லட்டுமா?

— நம்ம கொல்லையிலயா அண்ணே? அப்போ இந்த வீடு, தெரு?

— எல்லாத்தையும் காலி பண்ணிருவாங்க. அப்புறம் யாரும் திரும்பி வர முடியாது.

— ஏங்க, வாயைத் திறங்க. அண்ணன் கேக்குறார்ல?

— மச்சான்... அந்தத் துளையில, அடியில, லேசா ஈரம் இருந்துச்சு. நான்தான் யார்கிட்டயும் சொல்லலை.