மாமியாருக்கும் தெரிந்த லுக் ஆஃப்டர்

"பொய் சொல்லாதடி. நீ எங்க என்னப் பாத்துக்கற?"

பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். மாமியார் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மருமகள், கையில் போன்.

"இன்டர்வியூக்குப் படிக்கறேன் அத்த. லுக் ஆஃப்டர்னா பாத்துக்கறது. ஐ லுக் ஆஃப்டர் மை மதர்-இன்-லா. மாமியார நான் பாத்துக்கறேன்."

"சர்க்கர மாத்திரைய நானேதான் எடுத்துப் போட்டுக்கறேன். வேற சொல்லு."

"ஐ லுக் ஆஃப்டர் டூ கவ்ஸ். ரெண்டு மாட்ட பாத்துக்கறேன்."

"உன்னக் கண்டாலே ரெண்டும் ஒதைக்குது. பால் கறக்கறது யாரு?"

மருமகள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"போன வாட்டி இன்டர்வியூல, கொழந்தைய யாரு பாத்துப்பாங்கன்னு கேட்டாங்க அத்த. ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துட்டேன்."

"ஏன், வாய் இல்லியா?"

"உங்களக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

அரியாங்குப்பம் பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது மாமியார் கேட்டார்.

"அத இங்கிலீஷ்ல இன்னான்னு சொல்லணும்?"

"மை மதர்-இன்-லா லுக்ஸ் ஆஃப்டர் மை சன்."

மாமியார் அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தார். குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"உள்ள போயி அதையே சொல்லு. வார்த்த வரலன்னா கதவத் தொறந்து காட்டு. இவன வச்சிக்கினு நான் வெளியதான் நிப்பேன்."