சாம்பார் படாத கடுதாசி

பச்சைக் கூடைக்கு எந்தக் குப்பை, நீலக் கூடைக்கு எதுன்னு நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர் பத்து நிமிஷம் விளக்கினார். நீங்களும் நல்லாத் தலையாட்டுனீங்க. நாளைக்குக் காலைல என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? சிரிக்கிறீங்க பாருங்க… அதனால நான் விளக்கமெல்லாம் சொல்லல. குட்டியா ஒரு கதை… என் வீட்டுக் கதைதான்… சொல்லிட்டு இறங்கிடறேன். சரியா?

வருஷம் தொண்ணூத்தொண்ணு. பாளையங்கோட்டைல எனக்கு வாத்தியார் வேலை. என் சம்சாரம் செண்பகவல்லி தலைப்பிரசவத்துக்குக் கோவில்பட்டி, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போன் ஏது அப்போ? வாரம் ஒரு இன்லேண்டு லெட்டர் வரும். நீலக் கலரு… ஓரத்துல கூட இடம் விடாம எழுதுவா. பதினோரு லெட்டர்! எங்கம்மா கண்ணுல பட்டா வெக்கம் பாருங்க… பழைய வாரப் பத்திரிகைக்குள்ள ஒவ்வொண்ணா சொருகிப் பரண்ல ஏத்திட்டேன். ஏத்துனவன் மறந்தும் போனேன்.

ஏழு வருஷம் ஓடிப் போச்சு. போகிக்கு ரெண்டு நாள் இருக்கு. பழசைக் கழிக்கணுமே! பரண்ல கிடந்த பத்திரிகை எல்லாத்தையும் சாக்குல அடைச்சேன். செண்பகம் வீடு கழுவிக்கிட்டு இருந்ததால அன்னைக்கு ஹோட்டல் சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சேன். கவர்ல பாதிச் சாம்பார் மிச்சம். குப்பைக்கூடை கொல்லைல இருக்கு. எந்திரிச்சுப் போகணும். சாக்கு கைக்குப் பக்கத்துல இருக்கு… எதுல போட்டேன்னு நான் வேற சொல்லணுமா?

சாக்கு பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு. மறுநாள் காலைல செண்பகம் கேக்குறா.

"ஏங்க… பரண்ல இருந்த பத்திரிகையெல்லாம் எங்க?"

"கடைல போட்டாச்சே."

"அதுக்குள்ளதான என் லெட்டரையெல்லாம் வச்சிருக்கேன்னு சொன்னீங்க?"

அவ கத்தல. அழல. "சரி, விடுங்க"ன்னா. அந்த "சரி" இருக்கே… கல்யாணம் ஆனவங்களுக்குப் புரியும். சைக்கிளை எடுத்தேன் பாருங்க, கடை வாசல்லதான் நிறுத்துனேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி கடை. நியூஸ்பேப்பர் ஒரு அடுக்கு… அட்டை ஒரு அடுக்கு… பழைய நோட்டு ஒரு அடுக்கு… கழுவிக் காய வச்ச பால் கவர் தனியா ஒரு சாக்கு. என் சாக்கை மட்டும் காணோம்.

"அண்ணாச்சி, நேத்து நான் போட்டது எங்க?"

"அந்தா, தெரு ஓரத்துல கெடக்கு சார்வாள். குப்பை வண்டிக்காரன் எடுக்க வாரான்."

"குப்பை வண்டியா? நல்ல பேப்பர்தான அண்ணாச்சி?"

"நல்ல பேப்பர்தான். உள்ள சாம்பாரை ஊத்தில்லா அனுப்பியிருக்கீய! ஈரமும் எண்ணெயும் பட்டா பேப்பர் மில்லுக்காரன் தொட மாட்டாம்லா. ஒரு கவருதான்… மொத்த மூட்டையும் போச்சு. பக்கத்து மூட்டையும் சேத்து நனைஞ்சுட்டு!"

தெருவுல உக்காந்து பிரிச்சேன். எல்லாம் பேனா மைல எழுதினது. பத்து லெட்டர் கரைஞ்சு, ஒட்டிப் போய்… எடுத்தா கையோட பிய்யுது. ஒண்ணே ஒண்ணு நனையாம இருந்தது. அங்கேயே படிச்சேன். என்ன எழுதியிருந்தா தெரியுமா?

"நான் இல்லேன்னு வீட்டைக் குப்பையாக்காதீங்க. பால் கவரோட மூலையை முழுசா வெட்டி எறியாதீங்க, அந்தத் துண்டு யார் கைக்கும் சிக்காது. கவரைக் கழுவிக் காயப் போடுங்க. ஹோட்டல் பார்சல் கவரைப் பேப்பரோட போடாதீங்க. எந்திரிச்சுப் போக உங்களுக்குச் சோம்பேறித்தனம்…"

வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். விழுந்து விழுந்து சிரிச்சா. "மத்த பத்துல என்னடி எழுதின?"ன்னு கேட்டேன். "போங்க, அதெல்லாம் இப்ப எப்படிச் சொல்றது"ன்னு வெக்கப்பட்டா. நானும் விட்டுட்டேன். எங்க போயிடப் போறா, இன்னொரு நாள் கேட்டுக்கலாம்னு…

செண்பகம் போய் நாலு வருஷமாச்சு. அந்தப் பத்து லெட்டர்ல என்ன இருந்ததுன்னு இனி நான் யார்கிட்ட கேப்பேன்?

எங்க வீட்டு அடுப்படிக்கு வந்து பாருங்க. சுவத்து டைல்ஸ்ல பால் கவர் ஒட்டிக் காஞ்சுக்கிட்டு இருக்கும். அரை நிமிஷ வேலைங்க. மிச்சம் மீதியைப் பச்சைக் கூடைல தட்டுங்க. கவரை அலசி, காய வச்சு நீலத்துல போடுங்க. பேப்பர்ல ஒரு சொட்டு படாமப் பாத்துக்கோங்க. உங்க வீட்டுச் சாம்பார் உங்க வீட்டுப் பேப்பரோட நிக்காது. கீழ வண்டில சேர்ற நாப்பது வீட்டுப் பேப்பரையும் கெடுத்துடும். அதைக் கையால பிரிக்கிறதும் ஒரு மனுஷிதான்.

கொல்லைல இருந்த அந்தக் கூடை… பத்தடி தூரம்தாங்க. எந்திரிச்சுப் போயிருக்கலாம். நான் போகல.

நீங்க போங்க.