ஒரே கைபேசிக்கு ஐந்து பிள்ளைகள்

என் பெயர் எர்மெக், தகப்பனார் காலஞ்சென்ற தாலந்த், வயது பதினைந்து, நாரின் நகரம் ஆற்றங்கரைத் தெருவில் வசிக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா ஜிப்பர் ரஷ்யாவில் தையல் கூடத்தில் வேலை செய்வதால், தாய்மாமா மெதெரை அருகில் வைத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்தில் சொல்வதாவது:

எங்கள் பள்ளி வாசலில் அட்டையைக் காட்டினால்தான் தடுப்புக் கம்பி சுழலும். பிள்ளை உள்ளே வந்ததும் வெளியே போனதும் பெற்றோர் கைபேசிக்குச் செய்தியாகப் போகும். மதியச் சாப்பாட்டுக் கணக்கும் அதை வைத்துத்தான். அம்மாவுக்கும் செய்தி போவதை அறிந்த பிறகு நான் இடைவேளைகளில் உள்ளே, வெளியே என்று ஒரே நாளில் பதினான்கு முறை போய்வந்தேன். அன்று மாலை அம்மா அழைத்து, "டேய், பட்டிக்குள்ள ஆடு புகுந்து புகுந்து வர்ற மாதிரி என்னடா இது? மெஷினை நிறுத்திட்டு உன்னையே பாத்துட்டு இருக்கேன்" என்று சிரித்தார். சிரித்ததால் மறுநாளும் செய்தேன். எனவே பள்ளிப் பதிவில் என் அட்டை அத்தனை முறை இருப்பது, நீங்கள் சந்தேகிப்பதுபோல ஆள் மாறாட்டம் அல்ல, ஆள் நடமாட்டம்.

அதன் பிறகு ஜனவரியில் அம்மா, "தொப்பி இல்லாம போனியாமே? காது உதிர்ந்துடும்டா" என்று திட்டினார். வாசல் கேமரா இவ்வளவு கெட்டிக்காரனா என்று மறுநாள் அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன். "நாக்கு வெளுத்திருக்காம், டாக்டர்கிட்ட போ" என்றார் அம்மா.

அதன் பிறகு சென்ற திங்களன்று அதிகாரிகள் வந்து, பள்ளிக் கணினிப் பொறுப்பாளர் பூருல்கான் அக்காவின் கைபேசியை எடுத்துப் போனார்கள். ஐந்து பிள்ளைகளுக்குப் பெற்றோர் எண்ணாக அக்காவின் எண்ணே இருப்பதால், அந்த ஐவரும் இல்லாத பிள்ளைகள், அவர்கள் பெயரில் சாப்பாடு திருடப்படுகிறது என்பது வழக்கு. அக்காவுக்கு வேலை போகும், சிறையும் கிடைக்கலாம் என்று மாமா சொன்னார். நான் நேராக அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"வெளிநாட்டு நம்பரை அந்தப் பாழாப்போன கணினி ஏத்துக்கல. மேலிடத்துக்கு எழுதினேன், பதிலே இல்ல. அதான் என் நம்பரைப் போட்டு, வர்றதையெல்லாம் உங்க அம்மாக்களுக்கு நானே தட்டி அனுப்பினேன்."

"பதினாலு தடவையுமா அக்கா?"

"பின்ன? கட்டைவிரல் வீங்கிப்போச்சு, குரங்கே."

தொப்பியையும் நாக்கையும் பார்த்தது கேமரா அல்ல.

அந்த ஐவரில் நான் ஒருவன். மற்ற நால்வர் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். இல்லாத பிள்ளைகள் இவ்வளவு சத்தம் போட முடியாது. எங்கள் சாப்பாட்டை நாங்களே தின்றோம். இன்னொரு பன் கேட்டபோதுகூட, கணக்கில் இல்லை என்று அக்கா தரவில்லை. யாரும் சொல்லாமல், யாரிடமும் சொல்லாமல் இத்தனை மாதம் செய்தவருக்கு நான் நன்றி சொல்ல இந்தக் காவல் நிலையம்தான் கிடைத்தது.

திங்கள் முதல் அம்மாவுக்குச் செய்தி இல்லை. பள்ளிக்குப் போனேன் என்று நான் சொன்னால், "நீ சொன்னா நம்பமாட்டேன், ஸ்கூல் சொல்லட்டும்" என்கிறார். ஆகவே அக்காவை இந்த வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். கைபேசி சாட்சியாக உங்களிடமே இருக்க வேண்டுமென்றால், தினமும் காலை மணி அடிக்கும் நேரத்துக்காவது அக்கா கையில் கொடுக்க வேண்டுகிறேன். அங்கே ஐந்து அம்மாக்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது. கூட்டவில்லை, குறைக்கவில்லை, உண்மை.

(ஒப்பம்) எர்மெக்
உடனிருந்தவர்: மெதெர், தாய்மாமன்