தொட்டி இருக்கு

தேநீர் பரவாயில்லை. சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். கதவருகே நிற்கும் உங்கள் ஆளுக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொல்லுங்கள். நான் வந்ததிலிருந்து அசையாமல் நிற்கிறார். பதில் சொல்ல மாட்டீர்களா? சரி, விடுங்கள். உங்கள் போலீஸ் இலாகாவின் ஒழுங்கு எனக்கெதற்கு.

முதலில் எங்கள் ஃபிளையிங் கிளப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர், டைல்ஸ் வியாபாரி, கட்டட கான்ட்ராக்டர், இப்படிப்பட்டவர்கள்தான் உறுப்பினர்கள். சோபா வாங்கிய கையோடு ஒரு சின்ன விமானமும் வாங்கியவர்கள். வெயிலடிக்கும் நாளில் எல்லோரும் சூரர்கள். ஒரு மேகம் குறுக்கே வந்தால் ரேடியோவில் குரல் கம்மிவிடும். இவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். கற்றுக்கொடுத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. தரையில் மோதாமல் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஓடுதளத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது, இறங்க உதவும் கருவிகளும் கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஓடுதளத்தின் மறுகோடியைத் தாண்டி, உயரமான கால்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கும். கிளப் வராந்தாவிலிருந்து அது தெரிந்தால் இறங்கலாம். மூடுபனி அதை மறைத்துவிட்டால் மலைக்கு அப்பால் இருக்கும் பெரிய விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மேலே வருபவர் ரேடியோவில் “தொட்டி இருக்கா?” என்று கேட்பார். இருக்கு என்றோ இல்லை என்றோ தலைமைப் பயிற்சியாளர்தான் சொல்வார். அது நான்.

இறங்குவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். யார் கேட்டார்கள்? தங்கள் கண்ணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் கண்ணை இரவல் கேட்பார்கள். வீட்டில் சாப்பாடு ஆறிவிடுமே என்று பனிக்குள் தலையைக் கொடுப்பார்கள். அந்த மந்தையில் ஒருவர்தான் என் தங்கையின் கணவர்.

அவர் கண் டாக்டர். ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது, மூடி போட்ட டம்ளரின் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பேச்சு சுவாரசியத்தில் யாருக்கும் நடப்பதுதான். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, “மச்சான், ஒரு தடவை நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்க,” என்றார்.

“டம்ளருக்கா மாப்பிள்ளை, எனக்கா?” என்றேன். தங்கை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வழியனுப்ப வந்தவர், நான் படியில் காலைத் தடவித் தடவி வைப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்களே கமிட்டியில சொல்லி ஒதுங்கிடுங்க மச்சான். இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்,” என்றார். பக்கவாட்டில் காற்றடித்தால் நேராக இறங்கத் தெரியாத மனிதர், என் கண்ணைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். அவரைத் தீர்த்துவிடுவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நோக்கம் என்று நீங்கள் தேடுவது இதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை அவர் பக்கத்து நகரத்திலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மூடுபனி ஒரு ஏமாற்றுக்காரன். மேலிருந்து நேர்கீழே பார்த்தால் மெல்லிய துணிபோல இருக்கும், ஓடுதளம்கூடத் தெரியும். சரிந்து இறங்கும்போதுதான் சுவராகிவிடும். இதையும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“தொட்டி இருக்கா மச்சான்?” என்று கேட்டார்.

“இருக்கு மாப்பிள்ளை. வாங்க,” என்றேன்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். “சார், தொட்டி காணோமே,” என்றான். விமானம் இன்னும் மேலேதான் இருந்தது. திருத்திச் சொல்லத் தாராளமாக நேரம் இருந்தது. “எனக்குத் தெரியுது,” என்று அவனிடம் சொன்னேன். ரேடியோவைத் தொடவில்லை.

இன்ஜின் சத்தம் ஓடுதளத்தைத் தாண்டிப் போனது. அடுத்த சத்தம் மறுகோடியிலிருந்து வந்தது. தொட்டி இருந்த இடத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் உங்களிடம் வேறு கதை சொல்லியிருக்கிறான். தினமும் காலையில் நான் அவனிடம் “என்னப்பா, தொட்டி பளிச்சுனு இருக்கா?” என்று விசாரித்துவிட்டுத்தான் ரேடியோ பக்கம் போவேனாம், அன்று அவன் வரத் தாமதமாகிவிட்டதாம். வேலையாட்களிடம் நாலு வார்த்தை பேசுவது என் சுபாவம். அதற்கு இவ்வளவு அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

நேற்று தங்கை வந்தாள். “கண்ணு சரியில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா. அவர் எங்கிட்ட முன்னாடியே சொன்னாரு. நான் மனசை ஆத்திக்கிறேன்,” என்றாள்.

“வேணும்னேதாம்மா செஞ்சேன்,” என்றேன். அழுதாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கவனிக்கவில்லை.

நீங்களும் அவள் பாட்டையே பாடுகிறீர்கள். கண் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டால் வழக்கு லேசாகிவிடும், வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். கொலைகாரன் என்றால் நாலு பேர் ஒதுங்கி வழிவிடுவார்கள். கண் தெரியாதவன் என்றால், அந்த டைல்ஸ் வியாபாரி என் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவான். எனக்குத் தேவையில்லை. என் தங்கை புருஷனை நான் தெளிவாகப் பார்த்து, யோசித்து, கொன்றேன். எங்கே கையெழுத்து என்று மட்டும் விரலை வைத்துக் காட்டுங்கள்.

எழுந்துவிட்டீர்கள். வெளியே மழை என்கிறீர்கள். கதவருகே போய், இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்ற அந்த ஆளை ஆணியிலிருந்து எடுத்து, உதறி, மாட்டிக்கொள்கிறீர்கள்.

மழைக்கோட்டுதான். இந்த அறையில் வெளிச்சம் போதாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.