இன்னும் கொஞ்சம் பின்னாடி

டிவியில் படம் புள்ளி புள்ளியாக வந்தால் எல்லோரும் முதலில் டிவியின் தலையில்தான் தட்டுகிறார்கள், ஐயா. பாவம், அது என்ன செய்யும்? கோளாறு பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும். ஆண்டெனா காற்றில் திரும்பியிருக்கும், இல்லையென்றால் ஒயர் சேருகிற இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. எங்கள் வீட்டில் கோளாறு, மாமாவின் எச்சில்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் வீடு என்று சொல்லிவிட்டேன், அது அவருடைய வீடு. வேலை போனதும் ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தவன் அப்படியே இருந்துவிட்டேன். "இது உன் வீடு மாப்ள, கூச்சப்படாத" என்று அவரே சொன்னார். அதனால் உரிமையோடு சொல்கிறேன், அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பல் குத்திய தீக்குச்சியைத் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே போடுவார். மறுநாள் அக்கா அதே குச்சியை உரசி அடுப்பைப் பற்றவைப்பாள். அதில் கொதித்த டீயை நான் குடிக்க வேண்டும். மூக்கைச் சிந்திய துண்டாலேயே என் தட்டைத் துடைத்து எனக்கு முன்னால் வைப்பார், அன்பாக. தன் டம்ளரில் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சூடு சரியா இருக்கு, நீ குடி" என்று மீதியை நீட்டுவார். மீசையில் பாலாடை ஒட்டியிருக்கும், அதோடு சிரிப்பார். வாங்கிக் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாய் கொப்பளிப்பேன். ஆனால் ஒரு நாளும் முகத்தில் காட்டிக்கொண்டதில்லை. நான் மரியாதை தெரிந்தவன்.

சாயங்காலம் டிவி பார்க்கிற நேரம் ஒன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கும் வேட்டு வந்தது. ஒரு நாள் படம் கெட்டுப்போக, மாமாவும் நானும் மாடிக்குப் போனோம். ஒயரில் ஒட்டுப்போட்ட இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. கத்தி எடுத்துவருகிறேன் என்றேன். "அதெல்லாம் எதுக்கு" என்று ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பினார். பிரிந்து நின்ற கம்பியை, ஊசியில் நூல் கோக்கிறவர்கள் செய்வதுபோல, நாக்கில் நனைத்துக் கூராக்கினார். அந்த ஈரத்தோடேயே முறுக்கி டேப் சுற்றிவிட்டார். பச்சை ஏன் பூத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

படம் பளிச்சென்று வந்தது. என்னால்தான் பார்க்க முடியவில்லை. செய்தியும் பாட்டும் அவருடைய எச்சில் வழியாகத்தானே கீழே இறங்கி வருகின்றன? செய்தி வாசிக்கிற பெண் வாயைத் திறந்தாலே எனக்கு அந்த நாக்கு ஞாபகம் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. சொன்னால் புரிந்துகொள்கிறவர் என்று உங்களைப் பார்த்ததுமே நினைத்தேன்.

எதிர்பார்த்தபடியே மறுபடியும் படம் கெட்டது. அந்த வாரம்தான் மாடியில் பின்பக்கக் கைப்பிடிச் சுவரை இடித்திருந்தார்கள். எனக்காக மேலே ஓர் அறை கட்டப்போவதாகவும், அந்தப் பக்கம் படி வரப்போவதாகவும் மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கு அவனுக்கும் ஒரு கல்யாணம் காட்சின்னு வரும், தனியா ஒரு ரூம் வேணும்ல?" என்பார். என்னை ஒதுக்கப் பார்க்கிறார் என்பது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அறைக்கான ஜல்லியைச் சுவர் இடித்த பக்கம் கீழே தரையில் குவித்திருந்தார்கள்.

அன்று மாமா ஆண்டெனாவைக் குழாயோடு கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டார். எந்த இடத்தில் படம் நிற்கிறது என்று நடந்து பார்ப்பார்கள் அல்லவா, அதற்காக. மேலே இருப்பவருக்குப் படம் தெரியாது. கீழே இருப்பவன் சொல்வதுதான்.

"தெரியுதா மாப்ள?"

"இல்ல மாமா, புள்ளியா இருக்கு."

அப்போதே படம் வந்துவிட்டது, ஐயா.

"இப்ப?"

"நெழல் விழுது. கொஞ்சம் பின்னாடி போங்க."

என் தலைக்கு மேல் அவருடைய செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. அவர் கண் ஆண்டெனாவில் இருக்கும், அது எனக்குத் தெரியும். சத்தம் பின்பக்கம் நகர நகர நானும் கூடவே நடந்து பின் ஜன்னலுக்கு வந்தேன். அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிவியைப் பார்த்தாள்.

"நல்லாத்தானேடா தெரியுது" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி மாமா" என்றேன்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

செருப்புச் சத்தம் நின்றது. படமும் போய்விட்டது.

கால் தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் முதலில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். தவறவில்லை. நான் வைக்கச் சொன்ன இடத்தில்தான் வைத்தார். ஜல்லியின் மேல் வாயைத் திறந்தபடி கிடந்தார், கடைவாயில் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. ஒரு கை பிடி என்று கூப்பிட்டார்கள். நான் உள்ளே போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அவரைத் தொடக்கூட இல்லை, இருந்தாலும் கழுவினேன்.

எனக்காக மட்டும் செய்யவில்லை. அக்கா வாய் திறந்து சொல்லமாட்டாள். ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும்போது அந்தத் தீக்குச்சியை விரல் நுனியில்தான் பிடிப்பாள், நான் கவனித்திருக்கிறேன். அவளுக்கும் அருவருப்பு இருந்தது.

அவள் உங்களிடம் வந்து சொன்னது அத்தனையும் சரி. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று என்னைப் பார்க்கவும் வந்தாள். அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஆண்டெனா அப்படியே கெடக்குது" என்றாள். "எத்தன வருஷம் ஆனாலும் சரி, நீ வந்துதான் மேல ஏறணும். நான் கீழ நின்னு சொல்றேன்."

மாடிச் சுவரைத் திரும்பக் கட்டியாயிற்றா என்று கேட்டேன். கட்டவில்லையாம், நான் வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாளாம். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை, ஐயா.