முதல் கேள்வி

ஸ்ரீரங்கத்தில் கிளம்பிய டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் போனில் உறுதியாகச் சொன்னாள்: "சேர்ந்தவங்க போதும் சார். எனக்கு சீட் கிடைக்காதவங்கதான் வேணும்."

அவள் மடியில் ஒரு கட்டு ஃபாரம். பக்கத்தில் ஜவுளிக்கடை யூனிஃபார்ம் புடவையில் இருந்தவள் கேட்டாள்: "கிடைக்காதவங்க எதுக்குங்க?"

"காலேஜ் அட்மிஷன் நியாயமா நடக்குதான்னு ஆராய்ச்சி பண்றேன். உள்ள போனவங்களையே கேட்டா குறை எப்படித் தெரியும்?"

"அப்ப என்னையும் கேளுங்க."

"எந்த காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டீங்க?"

"எங்கயும் போடல. மார்க் இருந்துச்சு. 'அதெல்லாம் உனக்குக் கிடைக்காது, போடாத'ன்னு டீச்சரே சொல்லிட்டாங்க."

ஆராய்ச்சிக்காரி ஃபாரத்தைப் பார்த்தாள். முதல் கேள்வி, 'விண்ணப்பித்தீர்களா?' அதன் கீழே, 'இல்லை எனில் இத்துடன் முடிக்கவும்.'

"உங்ககிட்ட இதுக்கு மேல கேட்கக் கூடாதுன்னு நானே எழுதி வச்சிருக்கேங்க."

பேனாவை எடுத்து அந்த வரியை அழுத்தி அடித்தாள்.

"திருவானைக்காவல்!" என்றார் கண்டக்டர். "ஏம்மா, இங்க வரைக்கும்தானே டிக்கெட் வாங்குனீங்க?"

"நீங்க எங்க இறங்குறீங்க?" என்று ஆராய்ச்சிக்காரி பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு."

"சத்திரத்துக்கு இன்னொரு டிக்கெட் குடுங்கண்ணே. இப்பதான் ஆரம்பிக்கிறோம்."